நடுவர் தூங்கிய பாட்டு

ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதை நாலு பேர் காதில் திணிக்காமல் என்னால் இருக்க முடியாது. இப்போது வேலையிடத்து வாட்சப் குழுவில் அனுப்புகிறேன். ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் அலுப்பு, எனக்கும்தான். சண்டைக்குக்கூட யாரும் வருவதில்லை. சண்டை போட்டவர் மாமா ஒருவர்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லூபோக் சீனா பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டு, ரெம்பியாவில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். எனக்குப் பத்து வயது. அவருக்குப் பிடித்த பாடகர் ஒரே மூச்சில் பல்லவி முழுவதையும் இழுப்பவர்; எனக்குப் பிடித்த பாடகி மெல்லிய குரலில் பாடுபவர். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நொடி எண்ணுவார். கூடவே தானும் மூச்சைப் பிடித்துப் பாதியில் இருமுவார்.

"பதினேழு செகண்ட்! உன் ஆளு இழுக்குமாலா? பக்கத்து வீட்டுக்காரி போன்ல குசுகுசுன்னு பேசற மாதிரி பாடுது."

"கத்தினாத்தான் பாட்டா மாமா? அப்ப உங்க லோரி ஹாரன்தான் பெரிய பாட்டுக்காரன்!"

அம்மா தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. மாமா என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். அம்மா என் பாடகிக்கு ஒருமுறை தலையாட்டினால் போதும்.

அம்மாவுக்கு அந்த வருடம் முழுக்க நைட் ஷிப்ட். பகலில் தூக்கம் பிடிக்காது. கண்ணை மூடினால் மிஷின் சத்தம் காதுக்குள்ளேயே ஓடுகிறது என்பார். ஜன்னலுக்குத் தடித்த போர்வை கட்டியும் பயனில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும், வாய்ப்பாடு தெரிந்த மாதிரி.

சனிக்கிழமை காலை பேக்டரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரை வாசலிலேயே மடக்கினோம். பேக்டரியில் தலைமுடிக்குப் போடும் வலையின் கோடு நெற்றியில் இன்னும் அழியவில்லை.

"குளிக்கக்கூட விடமாட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றபடி தேத்தண்ணீர்க் கிளாஸோடு நாற்காலியில் சாய்ந்தார்.

மாமா தன் கைப்பேசியில் முதலில் போட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யம்மா! கூரை பிச்சிக்கிட்டுப் போயிரும்போல!" என்று சிரித்தார். அடுத்து நான் போட்டேன். இரண்டாம் சரணம் வருவதற்குள் அம்மாவின் தாடை நெஞ்சில் இறங்கிவிட்டது, கிளாஸ் சரிந்தது. மாமா சிந்தாமல் அதை வாங்கி வைத்துவிட்டு என் காதில் சொன்னார்:

"நாக்-அவுட்லா பாப்பா. நடுவரே அவுட்!"

குளியலறைக்குள் போய் அழுதேன். அடுத்த வீட்டில் புல்வெட்டும் மிஷின் அலறியும் அம்மா அசையவில்லை. உட்கார்ந்த நாற்காலியிலேயே மதியம் வரை தூங்கினார். என் தோல்வி எவ்வளவு பெரியது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் ஒரு காலை, மாமா வேலைக்குப் போயிருந்தார். அம்மா குளித்துவிட்டு அதே நாற்காலியில் வந்து சாய்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அன்னிக்கு நீ ஒரு பாட்டு போட்டியே பாப்பா, அதப் போடேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தூங்க வைக்கிற பாட்டை யாராவது கேட்டு வாங்குவார்களா? வாய் தவறி 'நீ' என்று சொல்லியிருப்பார். தோற்றவளுக்கும் பெருந்தன்மை வேண்டும் என்று தோன்றியது. அம்மாவின் கைப்பேசியில் மாமாவின் பாட்டைத் தேடி எடுத்து, சத்தத்தை முழுதாகக் கூட்டிப் போட்டேன்.

அம்மாவின் கண்கள் திறந்துகொண்டன. என்னைப் பார்த்தார். அந்தப் பதினேழு நொடியும் முடிகிறவரை கேட்டார். பிறகு, "நல்லாத்தான் பாடறாரு" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போய், யூனிபார்மை வாளியில் ஊறவைத்துத் துவைக்க ஆரம்பித்தார்.

சாய்ந்து கிடந்தவரை ஒரே பாட்டில் எழுப்பி உட்காரவைத்துவிட்டாரே, பெரிய பாடகர்தான் என்று அன்று மனதார ஒப்புக்கொண்டேன். சாயந்திரம் மாமாவிடம் அதை அப்படியே சொன்னேன். குதிப்பார் என்று பார்த்தால், சட்டைப் பொத்தானைக் கழற்றிய கை அப்படியே நின்றது.

"உங்கம்மா எந்தப் பாட்டக் கேட்டுச்சு?"

"ஜெயிச்ச பாட்டத்தான்" என்றேன்.