மிச்சம் மூன்று நிமிடம்

கொதிநீரில் ஊறிய விசிலை எடுத்து, பழைய டூத்பிரஷ்ஷால் அதன் வாய்க்குள் குடைந்துகொண்டிருக்கிறாள் கண்ணாடியக்கா. உள்ளே உருளும் சின்ன உருண்டை அடம்பிடிக்காமல் சுற்ற வேண்டும். குடைந்து முடித்ததும் ஒரு தடவை ஊதிப் பார்ப்பாள். கூடத்தில் படுத்திருக்கும் கணவர் தூக்கத்திலேயே "ஃபவுலா?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுப்பார். சனிக்கிழமை மாலை வந்துவிட்டது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

கணவர் வாரத்தில் ஆறு நாள் சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்பதைத் தாண்டியவர்கள் ஆடும் கால்பந்துக்குப் புது ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார். பத்தாவது நிமிடத்தில் தொடையில் நரம்பு இழுத்துக்கொண்டது. அன்றோடு சரி. "ஆறு நாள் உக்காந்தே கெடக்குறேன். ஏழாவது நாள் படுக்கணுமா வேணாமா?" என்பது அவருடைய நியாயம். அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தவள் அக்கா. நடுவராக வருகிறேன் என்று சொன்ன ஆள் அன்றைக்கு வரவில்லை. ஆளாளுக்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணிக்கு ஆடிய அக்கா உள்ளே போய்க் கையை நீட்டினாள். "அந்த விசிலை இப்படிக் குடுங்க. பாக்கச் சகிக்கல."

அன்று வாங்கியதை இன்னும் திருப்பித் தரவில்லை.

நாற்பத்தேழு வயது. கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு அடுத்த கடை அவளுடையது. ஒரு ஆள் உள்ளே, ஒரு ஆள் வெளியே என்று நிற்கும் அளவுக்குத்தான் இடம். லென்ஸ் தேய்க்கும் எந்திரம், கண்ணாடிச் சட்டத்தை இளக்கி வளைக்க ஒரு சூடேற்றும் பெட்டி, மகள் சின்ன வயதில் விளையாடிய பொம்மைப் பெட்டிக்குள் இருநூறு திருகாணிகள். வருகிறவர் கடை வாசலில் கண் மருத்துவர் சீட்டை எடுத்துப் படிக்கும் விதத்தைப் பார்த்தே பவரைச் சொல்லிவிடுவாள். சீட்டைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்குகிறவர்களுக்கென்றே ஒரு வசனம் வைத்திருக்கிறாள். "என்ன, கை பத்தலையா? நாப்பது தாண்டினா யாருக்கும் கை நீளம் பத்தாது. உக்காருங்க." வெட்கத்தோடு வந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரித்து உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளெழுத்து என்று சொன்னால் கிழடாகிவிட்டதாகத் தோன்றும்; கை பத்தவில்லை என்றால் கையின் குற்றம்தானே.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் அவள் வேறு ஆள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இறுக்கிக் கட்டிய கொண்டை. ஒரு பக்கம் கடைத்தெரு அணி, மறு பக்கம் பணிமனை அணி. முழங்காலுக்குப் பட்டை கட்டாதவர்கள் இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாலு பேர் தேறுவார்கள். ஒரு பாதி முப்பது நிமிடம்தான். "நாப்பத்தஞ்சு ஓடவிட்டா, ஆம்புலன்ஸையும் ஒரு அணியா சேத்துக்கணும்" என்று அக்காதான் குறைத்தாள்.

ஆடுகிற இருபத்திரண்டு பேரில் பதினேழு பேருடைய கண் அவள் கணக்கில் இருக்கிறது. அதனால் தகராறு என்று அவளிடம் யாரும் நீண்ட நேரம் நிற்க முடியாது. பந்து கோட்டைத் தாண்டவே இல்லை என்று ஒருமுறை பேருந்துக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு இடது கண்ணு மைனஸ் நாலு. கண்ணாடிய பையில வச்சிட்டு வந்து ஆடுறீங்க. கோடு எங்க இருக்குன்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?" மைதானம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆறு வருடமாக அவள் ஊதியது ஊதியதுதான். வாரம் முழுக்கக் கடையில் எத்தனை பேர் பாராட்டினாலும் அக்காவுக்கு நெஞ்சு நிமிர்வது அந்த ஒரு விஷயத்தில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நெஞ்சில்தான் அடி விழுந்தது.

பருவத்தின் கடைசி ஆட்டம். ஜெயித்தவர்களுக்குக் கோப்பை. பணிமனை இரண்டு, கடைத்தெரு ஒன்று. இரண்டாம் பாதியில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, நீவிவிட்டு எழுப்பி அனுப்புவதற்குள் மூன்று நிமிடம் போனது. அதை மிச்ச நேரமாகச் சேர்த்து, முப்பத்து மூன்றில் ஊதுவது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். ஓடிக்கொண்டே கையை நீட்டி, டிஜிட்டல் கடிகாரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்தாள். முப்பத்தெட்டு. ஐந்து நிமிடம் கூடப் போய்விட்டதே என்று பதறி ஊதிவிட்டாள். அந்த நொடியில் மருந்துக்கடைக்காரர் உதைத்த பந்து காற்றில் இருந்தது. விசில் அடங்கிய பிறகு அது வலைக்குள் போய் விழுந்தது.

வெளியே நின்றவர்கள் கைப்பேசியை ஆட்டிக்கொண்டு கத்தினார்கள். அக்கா மைதான ஓரத்து மரத்தடிக்குப் போய், கையைத் தோளிலிருந்து முழுதாக நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து மறுபடி பார்த்தாள். அப்போது முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தது முப்பது. பூஜ்யத்தின் இடுப்பில் இல்லாத கோட்டை அவள் கண்தான் இழுத்திருக்கிறது.

"கடிகாரம் தகராறு பண்ணுது" என்றாள்.

ஆட்டிய கைப்பேசிகள் பைக்குள் போயின. அக்கா சொன்னால் அப்படித்தான் இருக்கும். கோப்பை பணிமனைக்குப் போனது. கோலைப் பறிகொடுத்த மருந்துக்கடைக்காரர் திங்கட்கிழமை காலை தன் கடையைத் திறந்த கையோடு எட்டிப் பார்த்து, "விடுங்கக்கா, மெஷின்தானே, அதுக்கென்ன தெரியும்" என்று இவளுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் கோபமாக நாலு வார்த்தை பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அந்த வாரம் அக்கா கடையில் சரியாகப் பேசவில்லை. புதன்கிழமை ஒரு ஆசிரியை வந்து, சீட்டைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் கண்ணை இடுக்கினார். வழக்கமான வசனம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது. "உக்காருங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை மாலை கடையைப் பாதி இறக்கி, வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் தானே உட்கார்ந்தாள். சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பொடி எழுத்து அட்டையைப் பார்த்தாள். ப்ளஸ் ஒன்றரை. இருபது வருடமாக ஊரார் மூக்கையெல்லாம் அளந்தவளுக்குத் தன் மூக்கு எவ்வளவு அகலம் என்பது அன்றுதான் தெரிந்தது. அழைத்துப்போக வந்த கணவர் குனிந்து உள்ளே நுழைந்தபோது எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்கு இது, இந்நேரத்துல?"

"எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு மாசமா பால் பாக்கெட்டுல தேதிய என்னைத்தான் படிக்கச் சொல்ற. எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"கண்ணாடிக்கடைக்காரிக்குக் கண்ணு தெரியலன்னு வேன்காரன் போய்ச் சொல்லணுமா? வீட்டுல சோறு வேணும்ல?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து கண்ணும் கலங்கியது. "கண்ணாடி போட்ட ரெஃப்ரிய எவன் மதிப்பான்? நாளைக்கு நான் எதை ஊதினாலும், போய்க் கண்ணாடியத் தொடச்சிட்டு வான்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீ அவங்க எல்லாரையும் சொல்லல?"

லென்ஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அரை வட்ட லென்ஸ். மூக்கின் நடுவில் இறக்கி உட்கார வைத்தால் மேல் விளிம்புக்கு மேலே தூரத்துப் பந்து, கீழே கையருகே கடிகாரம். ஓடும்போது விழாமல் இருக்கப் பின்னால் ஒரு ரப்பர் பட்டை. துறுதுறுவென்று இருக்கும் குழந்தைகளுக்கு அவள் வழக்கமாகப் போட்டுக் கொடுக்கும் பட்டை அது.

இந்த ஞாயிறு சும்மா ஒரு சிநேக ஆட்டம் என்றுதான் பேச்சு. அக்கா போனபோது இரண்டு அணியும் வட்டமாக நின்றுகொண்டிருந்தன. ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கணவரும் கூட வந்து, கல் பெஞ்சில் உட்கார்ந்தார். பணிமனை அணியின் தலைவர், நீண்ட தூரப் பேருந்தின் ஓட்டுநர், பேசிப் பழக்கமில்லாதவர், தொண்டையைச் செருமினார். கையில் பளபளக்கும் தாள் சுற்றிய ஒரு சின்னப் பெட்டி.

"அக்கா, உங்க கடிகாரம் மக்கர் பண்ணுதுன்னு சொன்னீங்கல்ல. ரெண்டு டீமும் சேந்து புதுசு ஒண்ணு எடுத்தோம். தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதாம். இந்தாங்க."

கைதட்டல். மருந்துக்கடைக்காரர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அக்கா பெட்டியை வாங்கித் திறந்தாள். அழகான கடிகாரம். பழையதைவிடச் சின்ன எண்கள். பெட்டியை மூடினாள்.

"பழசுக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள். "அது சரியாத்தான் ஓடுச்சு. முப்பதுன்னு காட்டுச்சு. எனக்கு முப்பத்தெட்டுன்னு தெரிஞ்சுது. எனக்கு வெள்ளெழுத்து. சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு அது மேல பழியப் போட்டேன்."

பணிமனைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பேருந்து பின்னுக்கு வரும் கீச்சொலி மட்டும் கேட்டது. அக்கா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"நல்ல கண்ணு இருக்கிறவங்க யாராவது எடுத்துக்குங்க."

இருபத்திரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். முகத்தை ரொம்ப அக்கறையாக வைத்துக்கொண்டு, "என்னக்கா," என்றார், "கை பத்தலையா?"

முதலில் வெடித்துச் சிரித்தவர் பெஞ்சில் இருந்த கணவர். பிறகு மைதானமே சிரித்தது. ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார்.

"பத்தலைதான்" என்றாள் அக்கா.

ஓட்டுநர் சிரிக்காமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கோப்பை அவருடைய பணிமனையில், வருகைப் பதிவேட்டு மேசைமேல் ஒரு வாரமாக இருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்தால் அங்கேயே இருக்கும். "அப்படின்னா," என்று இழுத்தார், "போன வாரத்து ஆட்டம் இன்னும் முடியல. மூணு நிமிஷம் மிச்சம் இருக்கு."

"அண்ணே, கோப்பைய வாங்கியாச்சு!" என்றார் அவருடைய கோல்கீப்பர்.

"வாங்கினா? முடியாத ஆட்டத்துக்குக் கோப்பைய வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

மருந்துக்கடைக்காரர் விசில் இருந்த கையைப் பிடித்து, விரல்களை மடக்கி மூடினார். "அதை வாயில வைங்கக்கா. நேரமாகுது."

அக்கா சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். ரப்பர் பட்டையைக் கொண்டைக்குக் கீழே இழுத்துவிட்டு, சட்டத்தை மூக்கின் நடுவுக்கு இறக்கினாள். யாரோ பின்னாலிருந்து "தலைமை ஆசிரியை மாதிரி இருக்கீங்க" என்றார்கள். "அப்ப பெல் அடிக்கிறேன், போய் நில்லுங்க" என்றாள். போன வாரம் பந்து உதைபட்ட இடத்துக்கு நேராக நடந்துபோய், காலால் தரையில் ஒரு கோடு கிழித்தாள். ஓட்டுநரையும் மருந்துக்கடைக்காரரையும் எதிரெதிரே நிறுத்தி, பந்தை நடுவில் விட்டு ஊதினாள்.

அந்த மூன்று நிமிடம் அந்த மனிதர்கள் இருபது வயதுக்காரர்களைப்போல ஆடினார்கள். முழங்கால் பட்டைகள் அவிழ்ந்து தொங்கின. கணவர் பெஞ்சில் ஏறி நின்றுவிட்டார். அக்கா பந்தோடு பந்தாக ஓடினாள். கண்ணாடிக்கு மேலே பந்து, கீழே கடிகாரம், மேலே, கீழே. இரண்டும் துல்லியமாக இருந்தன. எத்தனை மாதமாக இந்தத் துல்லியம் இல்லாமல் இருந்திருக்கிறோம் என்று ஓட்டத்தின் நடுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் மருந்துக்கடைக்காரர் இருவரைக் கடந்து, பந்தோடு தனியாகக் கோலை நோக்கித் திரும்பினார். இன்னும் ஐந்தாறு அடிதான். வெளியே நின்றவர்கள் எல்லாம் "போ போ" என்று கத்தினார்கள். அக்கா கீழே பார்த்தாள். மூன்று நிமிடம் முழுதாக முடிந்திருந்தது. ஊதினாள். நீளமாக, மூன்று முறை.

அவர் பந்தை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. "அக்கா! இன்னும் பத்து செகண்டாவது இருக்கும்! கண்ணாடி போட்டுமா இப்படி?"

அக்கா கடிகாரத்தை நிறுத்தியிருந்தாள். அவர் முன்னால் கையைக் கொண்டுபோனாள். அவர் தலையைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணை இடுக்கினார். இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார்.

பட்டையோடு கண்ணாடியைக் கழற்றினாள் அக்கா. அதை அவர் மூக்கில் உட்கார வைத்து, இரண்டு விரலால் காதோரம் கம்பியைச் சரிசெய்து, சட்டம் கோணாமல் இருக்கிறதா என்று கடையில் பார்ப்பதுபோல ஓர் அடி விலகி நின்று பார்த்தாள். பிறகு முழங்கையை மடக்கி, மணிக்கட்டை அவர் கண்ணுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் பிடித்தாள்.