திப்பி தின்ற குதிரை

லாரி ஓட்டும் என் தாய்மாமா, பெங்களூரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒருமுறை குதிரையோடு வந்தார். ரேஸில் ஓடி, இனி வேண்டாம் என்று கழித்துவிட்ட குதிரை. மாரியம்மன் பண்டிகையில் நடக்கும் குதிரை வண்டிப் பந்தயத்தில் அதை ஓட்டி ஜெயிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. புதுச்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டத்து வேப்பமரத்தில் அதைக் கட்டினார்கள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

செம்பட்டை நிறம், நீண்ட கால்கள். விலா எலும்பு லேசாகத் தெரிந்தது. ஓடுவதற்கென்று வளர்த்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, குதிரைய ஏத்தியாந்தீங்களா, எலும்ப மூட்ட கட்டியாந்தீங்களா?"

மாமாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. வாசலில் கட்டிய உருப்படி மெலிந்திருந்தால் எங்கள் பக்கம் அது அந்த வீட்டுக்கே இழுக்கு. "பண்டிகைக்குள்ள பாருங்க, யானையாட்ட நிக்கும்" என்றார்.

மறுநாளே சவ்வரிசி ஆலையிலிருந்து திப்பி வந்து இறங்கியது. கிழங்கு அரைத்தபின் மிஞ்சும் சக்கை; எங்கள் எருமைகள் அதைத் தின்றுதான் கொழுத்தன. அம்மா பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தாள், புண்ணாக்கு ஊறவைத்தாள். புல்லைக் குறைத்தார்கள், வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளுமாம். ஓட்டமும் கிடையாது, இளைத்துவிடுமே. விடிகாலையில் அது கயிற்றை இழுத்துக்கொண்டு வண்டித்தடத்தையே பார்த்து நிற்கும்.

உடம்பு கொஞ்சம் பூசினதும் மாமா பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எதிரிலேயே குதிரை படுத்துப் புரண்டது. எல்லோரும் சிரித்தோம்.

"இப்பத்தானுங்க நம்மூரு எருமையாட்ட ஆயிருக்குது!" என்றார் அவர்.

குதிரை எழுந்து நின்று, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது.

"ஏன் மாமா வயித்தயே பாக்குது?"

"தின்ன தீனியெல்லாம் எங்க போச்சுன்னு பாக்குது சாமி."

விடிந்தபோது அது செத்துக் கிடந்தது. கண் பட்டுவிட்டது என்றார் மாமா. பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு அவருக்கு இன்றுவரை பேச்சில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். போன மாதம் குதிரையின் வயிற்றுவலி பற்றிப் பாடம் நடந்தது. குதிரைக்கு வாந்தி வராது. மாட்டுக்கு வைக்கும் தீனியை அளவில்லாமல் வைத்தால் குடலில் புளித்துப் பொங்கும். வலி தாங்காதபோது அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும் என்றார் ஆசிரியர்.

விடுமுறைக்குப் போனால் மாமா கேட்பார்: "கண்ணு பட்ட குதிரைக்கு என்ன வைத்தியம்னு சொல்லித்தராங்களா சாமி?" நான் எருமைகளுக்குத் திப்பி அள்ளி வைக்க எழுந்து போய்விடுவேன்.

குதிரை சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது மறுபடி புரண்டு எழுந்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, கால்கள் நடுங்கின. நான் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "இன்னொருக்கா புரளச் சொல்லுங்க மாமா" என்றேன். அதுவும் புரண்டது. நான் கேட்டதால்தான் புரண்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.