பனமலைக்குக் கூட வந்தவள்

யாழ்ப்பாணத்திலிருந்து படிப்புப் பயணமாகத் தமிழ்நாட்டுக்குப் போயிருந்தது எங்கள் தாவரவியல் வகுப்பு. விழுப்புரத்தில் தங்கியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது. பனமலைக் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் சுற்றலாம் என்று முடிவானது. வழிகாட்டத் திண்டிவனத்தில் படிக்கும் ஒரு பெண் வந்தாள்.

"ஜல்தியா போங்கண்ணே, நடை சாத்திடுவாங்க" என்று வேன் டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தாள். பின் இருக்கையில் நான் தோழியிடம் வழக்கமான புலம்பலில் இருந்தேன். "எங்கட ஊரில என்ன கிடக்கு? சோதினை முடிஞ்ச உடன வெளியில போயிடோணும். திரும்பியும் பாக்க மாட்டன்." முன்னால் இருந்த வழிகாட்டிப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எங்கள் பேச்சு அவளுக்குப் புதிதாக இருக்கும் என்று நினைத்தேன்.

மலையுச்சியில் குருக்கள், "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றோம். அவளிடம், "நீ எந்த ஊரும்மா?" என்றார். அவள் சற்றுத் தயங்கி, "நானும் அதேதாங்க" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

ஏரிக்கரையில் மற்றவர்கள் அல்லியைப் படம் பிடிக்க இறங்கினார்கள். கொக்குகள் எழுந்து எதிர்க்கரை வயலுக்குப் பறந்தன. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உண்மையாவோ?"

"ஆமாக்கா. அம்மா போட்ல வந்தாங்க. நான் பொறந்தது திண்டிவனம் ஆஸ்பத்திரில. கிளியனூர் தாண்டி அகதி முகாம்ல இருக்கோம்."

"அப்ப நீ இந்தியாதானே?"

"இங்க குடியுரிமை தரலக்கா. அங்க போவலாம்னா பேப்பரு ரெடியாவல. அலைஞ்சிக்கினே இருக்கோம்."

அம்மாவின் ஊர் என்று அவள் சொன்ன இடம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். வேனில் நான் பேசியதெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. பையில் கிடந்த கடவுச்சீட்டு திருடி வைத்திருக்கும் பொருள்போல உறுத்தியது.

"வேனில சொன்னத மனசில வச்சிருக்காத."

"அய்யோ, உங்க ஊரு, நீங்க திட்டலாம். எனக்குத் திட்டக்கூட அந்த ஊரு தெரியாதேக்கா" என்றாள். குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதன்பிறகு எனக்கு ஏரி கண்ணில் படவில்லை.

அன்று முகாமில் அதிகாரிகள் வந்து பேர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பார்களாம். புதுச்சேரிக்குப் போகும் வழியில் அவளை அங்கே இறக்கிவிட்டோம். அவளுடைய அம்மா, அங்கே மல்லாட்டை என்று சொல்லும் அவித்த நிலக்கடலையோடு சாலையில் காத்து நின்றார். யாழ்ப்பாணம் என்று மகள் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும் பேச்சு மாறவில்லை.

"பிள்ளை எவடம்?" ஊர்ப் பேரைச் சொன்னேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "கிணத்தடியில ஒரு மாதுளை நிண்டது. எங்கட வீட்டு வளவு இப்ப எப்பிடி இருக்கெண்டு ஒருக்காப் பாப்பீங்களோ?"

ஊர் திரும்பிய பிறகும் சில வாரங்கள் தள்ளிப்போட்டேன். அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது, அதை நான் போய்த்தான் சொல்லவேண்டுமா என்ற பயம். கடைசியில் போனேன். கிணறு தூர்ந்திருந்தது. மாதுளை இல்லை. தங்கள் ஊரை இழந்து வந்த இன்னொரு குடும்பம் அங்கே ஓலைக் கொட்டில் போட்டுக் குடியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டுப் பெண், "எங்கள எழும்பிப் போகச் சொல்லுவினமோ?" என்று பயந்து கேட்டாள்.

நான் வீடியோ அழைப்பு எடுத்தேன். முகாமிலிருந்த அம்மா திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் பேசினார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. பின்னேரத்தில விளக்கு வைக்கிறனீங்களோ?"

"ஓம் அம்மா."

"அது காணும் எனக்கு, வேறொண்டும் வேண்டாம். இருங்கோ."

பக்கத்திலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். "அக்கா, கொஞ்சம் தெருவக் காட்டுங்க" என்றாள். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஒழுங்கை முழுவதும் நடந்தேன். வெயில். ஒரு மதில், ஒரு நாய், யாரோ காயப்போட்ட வேட்டி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழைப்பைத் துண்டிக்கக் கை வரவில்லை.