வெள்ளிக்கிழமைக் கூழ்

போன கிழமை நெல்லியடிச் சந்தைப் பக்கம் போனபோது, ஒரு கடையில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தந்தார்கள். ருசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மணம் மூக்கில் ஏறியதும், கோப்பையும் கையுமாக நான் புத்தூருக்குப் போய்விட்டேன். முப்பது வருடத்துக்கு முந்திய புத்தூருக்கு.

அப்போது நான் பாஸ்டரின் இல்லத்தில் சமையல்காரன். தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வீட்டில் அவர் நடத்திய இல்லம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. அடுப்புப் புகைக்குப் பின்னால் நிற்பது வசதியாக இருந்தது. பாஸ்டருக்கோ திறந்த வாயை மூட வராது. குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பம். கத்தோலிக்கத்தை விட்டுப் பிரசங்கியார் ஆனதில் சொந்தக்காரருக்கு மனத்தாங்கல். ஆனாலும் இல்லத்துக்கென்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். "உன்ரை பிரசங்கம் வேண்டாம், மீனைக் கொண்டு போ!" என்பார்கள்.

சண்டையில் விழுந்த ஷெல்லுக்குப் பயந்து இடம்பெயர்ந்த, தோட்டம் செய்யும் கமக்காரக் குடும்பங்கள் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தன. எல்லோரும் சைவர்கள். நிவாரண அரிசி பிந்தியதால் பிள்ளைகள் வெறும் தேத்தண்ணீரோடு கிடப்பதாகக் கேள்விப்பட்ட பாஸ்டர், மண்ணெண்ணெயில் ஓடிய தன் பழைய காரில் ஒரு பெரிய கிடாரம் நிறையக் கூழை ஏற்றினார். நண்டு, இறால், மீன் எல்லாம் போட்டது. மூடியைத் திறந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அங்கே மூத்தவரான கந்தையர் கையை நீட்டி மறித்தார்.

"பாஸ்டர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மீன் மச்சம் தொடமாட்டம்."

"கூழைக் காட்டி எங்களை வேதக்காரர் ஆக்கப் பாக்கிறார்," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

கடற்கரையில் பிறந்தவருக்கு மீன் இல்லாத கூழ் கூழே இல்லை. கிழமையை யார் நினைத்தது? இனி இந்தச் சனம் எங்கள் கையால் ஒரு வாய் வாங்காது என்று நினைத்தேன். பாஸ்டர் விளக்கம் சொல்லத் தொடங்குவாரோ என்றும் பயம். தொடங்கினால் பொழுதுபட்டுவிடும்.

"என்ரை பிழை ஐயா," என்று மட்டும் சொன்னார்.

வழியில் இல்லத்துக்கென்று வாங்கிய அரிசியைக் காரிலிருந்து இறக்கினார். கூழை வாளிகளுக்கு மாற்றினோம். பிறகு பாஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடியில் குந்தி, சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு கிடாரத்தை மினுக்கத் தொடங்கினார். என்னைத் தொட விடவில்லை. சனம் சுற்றி நின்று பார்த்தது.

கந்தையர் குனிந்து மணந்து பார்த்தார். "இன்னும் மீன் வெடுக்கடிக்குது."

பாஸ்டர் திரும்பவும் மினுக்கினார். கந்தையர் திரும்பவும் மணந்தார். கடைசியில் கந்தையருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதும் பாஸ்டர், கிடாரம் ஓட்டையாகப் போகுது."

அந்தக் கிடாரத்திலேயே பெண்கள் கஞ்சி காய்ச்சினார்கள். குற்றம் சொன்னவளே முருங்கையிலை ஆய்ந்தாள். கந்தையர் தேவாரம் பாடி முடிக்கும்வரை பாஸ்டர் கைகட்டி நின்றார். அவர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்து நான் கண்டதில்லை.

கூழ் வாளியை நான் தூக்க, கந்தையர் கேட்டார்.

"எங்கை தம்பி கொண்டு போறாய்? நல்லாக் கொதிக்க வைச்சு மூடிவிடு. விடிஞ்சாச் சனிக்கிழமை."

மறுநாள் கூழ் குடிக்கப் பனையோலைப் பிளாவோடு முதல் ஆளாக நின்றவர் அவர்தான்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே எழும்பி நடந்தபோது கந்தையரைத் தவறவிட்டோம். பாஸ்டர் வன்னியில் காலமானார். இல்லம் இருந்த வளவில் இப்போது கல்யாண மண்டபம். போன மாரி வெள்ளத்துக்கு அதே பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுத்தார்கள். சைவம், மச்சம் என்று தனித்தனியே ஒட்டிய பார்சல்கள். ஒரு பிழையும் நடக்கவில்லை. கொண்டுவந்த பெடியள் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, மோட்டார் சைக்கிள் எஞ்சினை நிறுத்தாமலே திரும்பிப் போனார்கள்.