கோட்டைக்கு மேல் நின்று கோட்டையைத் தேடிய ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு மண்மேட்டைப் பார்க்க நான் கல்யாணத்துக்குப் போடும் கோட் சூட்டும் பளபளக்கும் சப்பாத்துமாகப் போனேன். கோட்டை என்றால் யாழ்ப்பாணக் கோட்டை மாதிரிக் கல்லும் வாசலும் இருக்கும், முன்னால் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பலாம் என்ற நினைப்பு. நம் ஆட்கள் அனுப்பும் படங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பாதிப் படங்களில் பின்னால் நிற்பது அடுத்தவனுடைய கார்.

போனது மகளுக்காக. 2006இல் படிப்புக்காகத் தூரத்து ஊரான கார்ஹிங்குக்குப் போய்விட்டாள். ஜெர்மனியில், வுப்பர்டால் வீட்டில் இப்போது நானும் தொலைக்காட்சியும்தான். பேசுவது அது மட்டும். ஞாயிறு ஒரு மணிக்கு மகள் தொலைபேசி எடுப்பாள். "சாப்பிட்டீங்களோ அப்பா?" "ஓம், நீ?" "ஓம். வைக்கிறன்." எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரிவதில்லை. பள்ளிச் சுற்றுலாவில் இந்தக் கோட்டைக்குப் போய்வந்து ஒரு வாரம் அதையே கதைத்தவள் அவள். போய்ப் பார்த்தால் கதைக்க ஏதாவது கிடைக்குமே.

நவம்பர் மாதம். காலை ஒன்பதரை ரயிலில் டுசல்டோர்ஃப், அங்கிருந்து இன்னொரு ரயில், பிறகு பேருந்து. அதில் சாரதியும் நானும்தான். "கல்யாணமா?" என்று கேட்டார். "பெண்தான் இன்னும் கிடைக்கவில்லை," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இறங்கி வயல்வழியே இரண்டு கிலோமீற்றர் நடை. நடுவில் புல் மூடிய ஒரு மேடு. மேலே ஏறி நாலு பக்கமும் தேடினேன். நாயோடு வந்த ஒரு பெண்ணிடம், கோட்டை எங்கே என்று என் ஜெர்மனில் கேட்டேன். "உங்கள் காலுக்குக் கீழே," என்றார். அந்தக் காலத்தில் மண்ணைக் குவித்து, உச்சியில் மரக் கோபுரம் கட்டி, சுற்றிவர அகழி வெட்டினார்களாம். மரம் உக்கி மண்ணாய்ப் போய்விட்டது. மேடும் அகழியும்தான் மிச்சம். நாயும் அவரும் போனபிறகு காற்று மட்டும் இருந்தது. இங்கே காவல் நின்றவன் யாரோடு கதைத்திருப்பான் என்று யோசித்தேன்.

போகிறவர்களுக்கு: ஞாயிறில் பேருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. கடை இல்லை, கழிப்பறை இல்லை. றப்பர் சப்பாத்து போடுங்கள். காரணம் வருகிறது.

ஒரு மணிக்குக் கைத்தொலைபேசி அடித்தது.

"சாப்பிட்டீங்களோ அப்பா?"

"இல்லை. உன்ர கோட்டைக்கு மேல நிக்கிறன்."

"பொய்!"

"கோட் சூட்டோட நிக்கிறன்."

"ஐயோ அப்பா!"

சிரித்து முடித்துவிட்டுக் கேள்விமேல் கேள்வி. ஏறுற பாதை இன்னும் சறுக்குதோ, அந்தப் பெரிய மரம் நிக்குதோ என்று. வைக்கிறன் என்று அவள் சொல்லவேயில்லை.

"அப்பா, அகழியில இப்பவும் தண்ணி நிக்குதோ?"

பார்த்துச் சொல்கிறேன் என்று கீழே இறங்கி அகழி விளிம்புக்குப் போய்க் குனிந்தேன். பளபளக்கும் சப்பாத்து சறுக்கியது.

நிற்கிறது. முழங்கால் அளவு.