தீக்குச்சிப் பயிற்சி

பீடியை விடச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய காலத்தில், ஒருவருக்குப் பீடி பற்றவைக்கப் பழக்கிவிட்டிருக்கிறேன். அதுவும் கைதட்டி உற்சாகப்படுத்தி.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் மூட்டுவாதப் பிரிவில் நான் பிசியோதெரபிஸ்ட். அந்தப் பெயர் நோயாளிகளின் வாயில் நுழையாது; 'கை பிடிச்சுவிடுற சார்' என்பார்கள். விரல் மடக்கப் பழக்குவது ஒரு வேலை. இன்னொன்று, புகையை நிறுத்தச் சொல்லிப் பிரசங்கம் செய்வது. எனக்குப் பேச்சு வரும் என்று நம்பிப் பெரிய டாக்டர் அதை என் தலையில் கட்டியிருந்தார். பேச்சு வரத்தான் செய்தது. கேட்டு முடித்தவர்கள் நேராக வாசல் பெட்டிக்கடைக்குப் போய், தொங்கும் கயிற்று நெருப்பில் ஆளுக்கொரு பீடி பற்றவைத்துக்கொண்டு, சார் நன்றாகப் பேசினார் என்பார்கள்.

மேலூர்ப் பக்கமிருந்து பெரியகருப்பன் வந்தார். ஐம்பது வயது விவசாயி. விரல்கள் வீங்கிக் கோணியிருந்தன, முழங்காலும் சரியில்லை. பெரிய டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இவருக்கு விரலுக்குப் போற ரத்தக்குழாயே புண்ணாகியிருக்கு. பீடி குடிச்சா விரல் தங்காது. எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

போய்க் கேட்டேன். பீடியைத் தொட்டு ரெண்டு மாசமாச்சு என்றார் பெரியகருப்பன். உடன் வந்த மனைவி ராக்கம்மாளும் தலையாட்டினார். பிரசங்கம் மிச்சம் என்று, விரல் போகும் விஷயத்தையும் சொல்லாமல் விட்டேன்.

நோயாளி எதைச் செய்ய ஆசைப்படுகிறாரோ அதையே பயிற்சியாகக் கொடுத்தால் கை தானாக இணங்கும் என்பது அப்போது என் சித்தாந்தம். இந்தக் கை மறுபடி என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "தீக்குச்சி கிழிக்கணும் சார்."

அடுப்பு, சாமி விளக்கு என்று என் மனம் எங்கெங்கோ போய் நெகிழ்ந்தது. ராக்கம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரே பேசட்டும், குறுக்கே வராதீர்கள் என்று அடக்கினேன். நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேனாம்.

மூட்டு இளகுவதற்காகக் கையை இளஞ்சூட்டு மெழுகில் முக்கி எடுத்து, படிந்த மெழுகை உரித்து, தீப்பெட்டியைக் கொடுப்பேன். முதலில் குச்சி நழுவியது. பிறகு ஒடிந்தது. ஒருநாள் சுடர் நின்றது. நான் கைதட்டினேன், பெஞ்சில் இருந்தவர்களையும் தட்டச் சொன்னேன். ராக்கம்மாள் மட்டும் தட்டவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் பழகச் சொல்லி ஒரு தீப்பெட்டியும் கொடுத்தனுப்பினேன்.

அறுவடை முடியும்வரை அவர் வரவில்லை. வந்தபோது வலது ஆள்காட்டி விரலின் நுனி ரத்தம் போகாமல் செத்து, கரிக்கட்டையாக இருந்தது.

"பழகச் சொன்னீகள்ல சார்" என்றார். "சும்மா கிழிச்சா குச்சி வீணாத்தான போகுது."

அப்புறம்தான் எனக்கு விளங்கியது. கடைக்கு நடக்க முழங்கால் விடவில்லை. வீட்டில் குச்சி கிழிக்க விரல் விடவில்லை. பற்றவைத்துத் தர ராக்கம்மாள் மறுத்துவிட்டார். பீடி நின்றது அப்படித்தான். நோயும் ஒரு பெண்ணின் பிடிவாதமும் சேர்ந்து போட்ட வேலியை நான் மெழுகு ஊற்றித் திறந்துவிட்டிருக்கிறேன்.

விரலை எடுத்தார்கள். புண் ஆறியதும் மிச்ச விரல்களின் பயிற்சிக்கு என்னிடமே அனுப்பினார்கள். இந்தத் தடவை தீப்பெட்டி இல்லை. பீடி நினைப்பு வரும்போதெல்லாம் மடியிலிருந்து பொரிகடலையை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போடச் சொன்னேன். விரலுக்கும் வேலை, வாய்க்கும் வேலை. பலித்தது. அந்த யோசனை விரல் இருந்தபோது வந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளிக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். எதற்கு என்றும் கேளுங்கள். வீட்டு ஆள் வாயெடுத்தால் பேசவிடுங்கள்.

பயிற்சி முடிந்த நாளில், ஏதாவது நல்லதாகச் சொல்லி அனுப்பலாமே என்று, "எப்படியோ, இங்க வந்து பீடியை விட்டுட்டாரும்மா" என்றேன்.

ராக்கம்மாள் கோபமாகச் சொல்லவில்லை.

"வரும்போதே விட்டுட்டுத்தான சார் வந்தாக."