கிளாடிஸின் லேப்டாப்புக்குத் தீர்த்தம் தெளித்த கதை

என் மருமகள் கிளாடிஸ் சேலைக் கரைக்குப் பூப் போடுகிறவள். ஊசியால் அல்ல, கம்ப்யூட்டரில். அவள் வரைந்து கொடுக்கிற மயிலும் மாங்காயும்தான் விசைத்தறியில் ஏறிச் சேலையாக இறங்கும். போத்தனூரில் எங்கள் வீட்டிலிருந்து தினமும் டவுனுக்கு பஸ் பிடித்துப்போய், ஒரு டிசைன் ஆபீசில் பதினாறு வருசம் வேலை பார்த்தாள். போன சித்திரையில் அங்கே ஆளைக் குறைத்தார்கள். தான் வரைந்ததில் நாலு மாதிரியாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் எங்களுடையது, அதில் இருப்பதும் எங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு வருசத்துப் பூவில் ஒரு இதழ்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

அழவில்லை. ராத்திரிச் சோறு உண்டு கை கழுவும்போது, "அத்தை, இனி நா வரையறது எங்கிட்டயே இருக்கோணுங்க" என்றாள். அவ்வளவுதான்.

லேப்டாப் வாங்க அவளோடு நானும் என் மகன் ஜோஸும் போனோம். கடைக்காரர் பீர் முகம்மது, ஜோஸோடு பள்ளிக்கூடம் படித்தவர். ஜோஸ் ரயில்வேக்காரன். பளபளப்பாக எதைக் கண்டாலும் தொட்டுப் பார்ப்பான். தட்டு மாதிரி மெல்லிசாக ஒன்று வெள்ளியாய் மின்னியது, அதையே சுற்றிச் சுற்றி வந்தான். கிளாடிஸ் கைப்பையிலிருந்து ஒரு கரைத் துண்டை எடுத்தாள். அரக்கு நிறம். அந்த நிறத்துக்கு ஒரு நம்பர் உண்டாம். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அந்த நம்பரைத் தட்டி, திரையில் வருகிற நிறத்துக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, வெள்ளியில கத்திரிப்பூவாத் தெரியுதுங்களே."

"அண்ணி, சேலைக் கடையில பண்றத இங்க வந்தும் பண்றீங்க" என்றார் பீர் முகம்மது.

"சேலைக்குத்தானுங்களே வாங்கறேன்."

அஞ்சாவதாகப் பார்த்தது கறுப்பாக, தடிமனாக இருந்தது. துணியும் திரையும் ஒரே அரக்கு. "எருமைக் கன்னாட்ட இருக்குது" என்று ஜோஸ் முகத்தைச் சுளித்தான். அதைத்தான் அவள் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு பூட்டு வார்த்தை போட்டாள். "நம்ம கல்யாண நாளைப் போட்டிருக்கறயா?" என்று ஜோஸ் கேட்டான். "அது உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?" என்றாள். அவன் டூட்டிக்குக் கிளம்பிவிட்டான். வேலை முடிந்தால் துடைத்து, உறையில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைப்பாள். அதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பிகூட வரக் கூடாது.

ஈரோட்டில் சேலை வியாபாரம் செய்யும் நரசிம்மலு ஆறு கரை கேட்டிருந்தார். பிடித்துப்போனால் மாசாமாசம் வேலை தருவதாகப் பேச்சு. அவள் பேரில் வந்த முதல் வேலை. ஒரு மாசம் உட்கார்ந்து ஆறையும் வரைந்து முடித்தாள். செவ்வாய்க்கிழமை அனுப்ப வேண்டும்.

அதற்கு முந்தின ஞாயிறு, நூல் நிறம் பார்க்க அவள் ஈரோட்டுக்கு ரயிலேறிவிட்டாள். அன்றைக்கு எங்கள் மாதா கோவிலில் பூசை முடிந்து வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிற நாள். ஸ்கூட்டரும் ஆட்டோவும் வரிசையாக நின்றன. பிழைப்புக்கு வாங்கியதை மந்திரிக்காமல் வைக்கலாமா? லேப்டாப்புக்குத் தண்ணீர் ஆகாது என்று அவள் முன்பே இரண்டு தரம் சொல்லியிருந்தாள். தீர்த்தம் அந்தக் கணக்கில் சேராது என்பது என் கட்சி. பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய் இரண்டு ஆட்டோவுக்கு நடுவே நின்றேன்.

"பாட்டி, மூடிப் புடிங்க" என்றார் சாமியார். சின்ன வயசுக்காரர்.

"ஊடு மந்திரிச்சா வாசலோட நின்னுக்குவீங்களா சாமி? உள்ள படோணுங்க."

திறந்து பிடித்தேன். பயந்து பயந்து இரண்டு சொட்டு விட்டார். "ஆட்டோவுக்கு மட்டும் அள்ளி அடிச்சீங்க, எங்களுக்கு இவ்வளவுதானுங்களா?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றாகவே தெளித்தார். முந்தானையால் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கிளாடிஸ் எத்தனை தரம் அழுத்தியும் திரை விழிக்கவில்லை. ஆறு கரையும் அதற்குள்தான். நகல் எடுத்துவைத்தால் யார் கைக்காவது போய்விடும் என்று எதையும் அவள் வெளியே விட்டிருக்கவில்லை. மூன்று பேரும் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனோம். பீர் முகம்மது அடிப்பக்கத்தைக் கழற்றி, விளக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"ஈரமாட்ட இருக்குதே. டீயா, தண்ணியா?"

ஜோஸ் என்னைப் பார்த்தான். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா?

"தீர்த்தமுங்க" என்றேன்.

"தீர்த்தமுன்னாலும் போர்டுக்கு அது தண்ணிதானுங்கம்மா."

கிளாடிஸ் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவள் அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீசிலிருந்து வெறுங்கையோடு வந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

பீர் முகம்மது உள்ளேயிருந்து சீட்டு மாதிரி ஒன்றைக் கழற்றினார். வரைந்ததெல்லாம் இருப்பது அதில்தானாம். அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். கிளாடிஸ் பூட்டு வார்த்தையைத் தட்டினாள். ஒரு மயில் வந்தது. அப்புறம் யாளி, கொடி, மாங்காய். ஆறும் வரும்வரை அவள் விரல் விட்டு எண்ணினாள்.

அங்கிருந்தே ஈரோட்டுக்கு அனுப்பினாள். ஒரு பென்டிரைவில் நகலும் எடுத்தாள். "உங்க மெசின்ல ஒண்ணும் தங்கலீங்களே?" என்று பீர் முகம்மதுவிடம் கேட்டு, அவர் அழிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். புது போர்டு போட ஒரு வாரம் ஆனது. அதற்குள் நரசிம்மலு நாலு கரையை எடுத்துக்கொண்டு, இரண்டில் கொடியை மட்டும் மாற்றச் சொன்னார். அடுத்த மாசத்துக்கும் வேலை சொல்லிவிட்டார்.

அந்தப் பென்டிரைவைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னான் ஜோஸ். "நீங்க மூணு குடையத் தொலைச்சவருங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அதை என் கையில் வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்கிட்டயா அம்மணி?"

"உங்க கைக்குள்ள போனத யாராலீங்க அத்தை புடுங்க முடியும்?"

சுருக்குப்பைக்குள் போட்டு இடுப்பில் செருகினேன். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது. வாரம் ஒருதரம் அவள் கேட்டு வாங்கி, புதிதாக வரைந்ததை ஏற்றித் திருப்பித் தருவாள்.

போன வாரம் ஜோஸ் வந்து கையை நீட்டினான். "அந்தப் பென்டிரைவக் குடும்மா. பாட்டு ஏத்தோணும்."

"கிளாடிஸு வந்து கேக்கட்டும்."

"அவதாம்மா வாங்கிட்டு வரச் சொன்னா."

உள்ளே அவள் வரைந்துகொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே குரல் கொடுத்தாள்:

"குடுத்துறாதீங்க அத்தை. நா சொல்லவே இல்லீங்க."